போதும் என்றால் போதும்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தை வளர்ப்பு என்றாலே எடை, தடுப்பூசி, அப்புறம் எந்தப் பள்ளி என்றுதான் பேச்சு போகிறது. தன் உடம்பு சொல்வதைக் கேட்கக் குழந்தையை விடுகிறோமா என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டையே பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை முகத்தைத் திருப்புகிறது, உதட்டை இறுக்குகிறது, வாயில் இருக்கிற பருப்புச் சாதத்தை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைக்கிறது. போதும் என்று அது வேறு எப்படிச் சொல்லும்? நாம் கைபேசியில் கார்ட்டூனைப் போட்டு, அசந்த நேரம் பார்த்து இன்னும் நாலு வாய் திணித்துவிட்டு, 'இன்னைக்கு நல்லா சாப்பிட்டான்' என்று சந்தோஷப்படுகிறோம். அமெரிக்க ஆய்வாளர் லியான் பர்ச் 1980களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். பசியையும் வயிறு நிறைவதையும் கவனிக்கப் பழகிய பிள்ளைகள் அளவறிந்து சாப்பிட்டார்கள். தட்டைக் காலி செய்தால் பரிசு என்று பழக்கியவர்களுக்கு அந்த அளவு பிடிபடவில்லை. எடை குறைந்த குழந்தையை என்ன செய்வது என்பீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம், ஆனால் திணிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் குழந்தையின் பசியறிந்து ஊட்டத்தான் சொல்கிறது.

வலியிலும் இதே கதைதான். முழங்காலில் தோல் உரிந்து அழுகிறவனிடம் 'ஒண்ணுமில்ல, வலிக்கல, ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்கிறோம். வலிப்பது அவனுக்கு! 'எரியுதா? பயந்துட்டியா?' என்று கேட்டால் போதும், எரிச்சல் வேறு பயம் வேறு என்று அவனுக்கே பிடிபட ஆரம்பிக்கும். கோபத்தில் நெஞ்சு படபடப்பதும் பயத்தில் வயிறு கலங்குவதும் தனக்குள் தெரிகிற பிள்ளைக்கு, கை ஓங்குவதற்கு முன் 'எனக்குக் கோபமா வருது' என்று வாயால் சொல்வது கொஞ்சம் சுலபம், பக்கத்துப் பிள்ளையின் முகம் வாடினால் அதுவும் கண்ணில் படும்.

இன்னொன்று, என்னைக் கவலைப்படுத்துவது. பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லித் தருகிறார்கள், நல்லது. ஆனால் வீட்டில் 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு' என்று, விலகி ஓடுகிற குழந்தையை இழுத்து வந்து நிறுத்துகிறோமே, அதன் 'வேண்டாம்' இங்கேயே செல்லுபடியாகாவிட்டால் வெளியில் எந்தத் தைரியத்தில் சொல்லும்?

அங்கன்வாடியில் எடை பார்க்க வரும் அம்மாக்களிடமும், முக்கியமாகப் பாட்டிகளிடமும், இதை எடுத்துச் சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் நாளிதழும் குழந்தை மருத்துவர்களைக் கொண்டு இதுபற்றி ஒரு தொடர் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.