தியேட்டர் கதவுக்கு வெளியே

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் இங்கே சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடிக் குறைந்தபடி இருக்கிறது, குளுசையை நான்தான் எண்ணிக் கொடுக்கிறேன். உன் சுகத்துக்கும் பிள்ளைகளின் சுகத்துக்கும் கோணேசரை வேண்டுகிறேன்.

அமெரிக்காவில் தனியார் வைத்தியசாலையை விட்டுவிட்டு முன்னாள் படைவீரர் வைத்தியசாலைக்கு முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணராகப் போகிறாய் என்று நீ சொன்ன நாளிலிருந்து எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். கடிதமென்றால் ஆறுதலாய் இருந்து வாசிப்பாய்.

சம்பளம் குறையுமாமே என்று மாமி கேட்டா. சின்னம்மா கேட்டது வேறு. "ஆமிக்காரரைப் பார்க்கிற ஆஸ்பத்திரியா அக்கா?" என்றா. அவ பிள்ளையைப் பறிகொடுத்தவ. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் நான் வாதாடவில்லை. உனக்கு மட்டும் என் மனதைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷம், முழுச் சந்தோஷம்.

நான் தாதியாக வேலை செய்த காலத்தில் முள்ளந்தண்டு பழுதாகி எங்கள் வார்டுக்கு வராத ஆட்களில்லை. தென்னையால் விழுந்தவர், ஷெல் துண்டு பட்டவர், கிணறு வெட்டும்போது மண் சரிந்து அமுங்கியவர், சீருடையோடு வந்தவர். சுழியோடிகளும் வருவார்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டு அவசரப்பட்டு மேலே வந்தால், உடம்பில் கரைந்த நைதரசன் குமிழியாகி முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கிவிடும். விடியப் போனவனைப் பின்னேரம் கால் உணர்ச்சியில்லாமல் தூக்கி வருவார்கள். எக்ஸ்ரேயில் ஒரு எலும்பும் உடைந்திருக்காது. வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு, எலும்பு நல்லாயிருக்கிறதென்றால் ஏன் மிஸ்ஸி எழும்புகிறான் இல்லை என்று கேட்பார்கள்.

கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பொடியன் ஒருவன் வந்தான், ஊர்காவல் படையில் இருந்தவன். வெளியூரில் ஒரு பெரிய இடத்தில் சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவனுடைய படத்தை எங்கள் டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மெச்சினார். தகடும் திருகாணிகளும் அத்தனை நேர்த்தி. அவனைத் திருப்பிப் பார்த்தபோது நாரிக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். கழுவக் கழுவ அடியில் எலும்பு வெள்ளையாய்த் தெரிந்தது. தாய் பக்கத்தில் நின்றா. அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்தது வார்டுச் சிங்களம். கேட்டுக் கேட்டு விளங்கியது இதுதான்: அசைத்தால் உள்ளே பூட்டியது கழன்றுவிடும் என்று பயந்து, அந்த மனுசி மகனை மல்லாக்கப் படுக்க வைத்தபடியே இராப்பகலாய்க் காவலிருந்திருக்கிறா. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்ட வேண்டும் என்று அவவுக்கு எவரும் சொல்லவில்லை.

புரட்டப் பழக்கினோம். தலைமாட்டில் ஒருவர், தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர். எண்ணுவது தலைமாட்டில் நிற்பவர். எக, தெக, துன என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும், தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. குதிக்கால் மெத்தையில் முட்டக்கூடாது. பிறகு வெளிச்சத்தைப் பிடித்துக் குதி, கணுக்கால், இடுப்பெலும்பு, வால் எலும்பு என்று தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அமத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அந்தப் பக்கம் இனிப் படுக்க விடக்கூடாது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, சூட்டையும் தடிப்பையும் புறங்கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும்.

புண் ஆற மாதக்கணக்காயிற்று. அதற்குள் அந்தத் தாய் பக்கத்துக் கட்டில்காரரையும் புரட்டத் தொடங்கிவிட்டா. அதில் ஒருவன் மூதூர்த் தமிழ்ப் பொடியன். அவனுக்கு ஷெல் எங்கிருந்து வந்து பட்டது என்று அவவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சின்னம்மாவின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அவ்வளவும்தான்.

மகள், நீ கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரி என்று உன்னோடு வேலை செய்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்குக் கவலையில்லை. நான் கேட்பது சத்திரசிகிச்சைத் தியேட்டர் கதவுக்கு வெளியே உள்ள வேலையைப் பற்றி. உன் நோயாளியை இரவு இரண்டு மணிக்கு யார் புரட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனை வீட்டுக்கு அனுப்புமுன் மனைவியையோ தாயையோ கூப்பிட்டு, எதை அசைக்கலாம் எதை அசைக்கக்கூடாது என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வதை விட, வெட்டியவர் சொன்னால்தான் வீட்டுக்காரரின் பயம் போகும். இதை நான் எத்தனையோ தரம் கண்டேன்.

முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டு வடம் அறுந்த படைவீரரில் பெரும்பாலானோர் சில மாதங்களைத் தாண்டவில்லை. அவர்களைக் கொண்டுபோனது படுக்கைப்புண்ணும் சலத்தில் ஏற்பட்ட கிருமியும். நிலைமையை மாற்றியவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன். நாசிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு ஓடிவந்த யூத டொக்டர். 1944இல் ஸ்டோக் மாண்டவிலில் படைவீரருக்கான முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். அவர் பிடிவாதமாய் நின்றது இரண்டு விசயத்தில்: இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டுவது, சலப்பையைச் சுத்தமாய் வெறுமையாக்குவது. பிழைத்தவர்களைச் சும்மா படுத்திருக்கவும் விடவில்லை. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைச் சக்கர நாற்காலியில் வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பராலிம்பிக். இங்கே நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர் மயானத்தைக் கடந்து போகும்போதெல்லாம் அந்தப் பெடியன்களின் வயதை நினைப்பேன். அவர்கள் காலத்துப் போரில்தான் இவ்வளவும் கற்கப்பட்டது.

உன் புது வைத்தியசாலையில் எனக்குப் பிடித்தது, நீ சொன்ன இரண்டு காரியம். ஒன்று, எத்தனை சத்திரசிகிச்சை செய்தாலும் மாதச் சம்பளம் ஒன்றுதான் என்பது. மாமிக்கு அது குறை, எனக்கு அது பெரிய நிம்மதி. வெட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆளிடம், கணக்குப் பார்க்காமல் அப்படியே சொல்லலாம். மற்றது, வடம் பாதிக்கப்பட்டவரை வருடா வருடம் கூப்பிட்டுத் தலை முதல் கால் வரை பரிசோதிக்கும் ஏற்பாடு. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேர் இன்று உயிரோடு இருப்பார்கள்!

உன்னிடம் கூடுதலாய் வரப்போவது நாரி நோக்காரர்தான். பரசூட்டில் குதித்தவர், பாரம் சுமந்து நடந்தவர், ஹெலிகொப்டர் அதிர்வில் வருடக்கணக்காய் இருந்தவர் எல்லோரும் வயது போய் வருவார்கள். உன் பெரியப்பாவை நினைவிருக்கிறதா? கோணேசர் கோயில் ஏற்றத்தைக் குனிந்தபடி ஏறிவிடுவார். இறங்கும்போது கால் இரண்டும் விறைத்து, மதிலில் குந்திவிடுவார். சைக்கிளில் நிலாவெளி வரை போவார், பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கமாட்டார். சோம்பல் என்று நாங்கள் ஏசினோம். குனியும்போது வடம் போகும் வழி சற்று விரியும், நிமிர்ந்தால் ஒடுங்கும் என்று நீ படிக்கும் காலத்தில் எனக்குப் படம் கீறிக் காட்டினாயே, அது நல்ல கேள்விகளால் கண்டுபிடிக்கக்கூடிய வருத்தம். ஸ்கானைப் பார்க்குமுன் ஆளை நடக்கவிட்டுப் பார். வயது போன எவருடைய ஸ்கானிலும் தேய்வு தெரியும், நோவு அதனால்தானா என்று ஸ்கான் சொல்லாது.

வெட்கத்தையும் மறந்துவிடாதே. சலம் போகக் கஷ்டமா, குந்தியிருக்கும் இடம் மரத்திருக்கிறதா என்று நாரி நோவோடு வரும் ஒவ்வொருவரிடமும் கேள். துப்பாக்கிக்கு முன் நின்றவன்கூட அதைத் தானாகச் சொல்லமாட்டான். நீ கேட்காமல் விட்டால், அவசரமாய் வெட்டியிருக்க வேண்டிய ஆள் குளுசையோடு வீட்டுக்குப் போய்விடுவான், பிறகு சலப்பை பழைய நிலைக்குத் திரும்பி வராது. புகைப்பவர்களிடமும் கண்டிப்பாய் இரு. நிக்கொட்டின் உள்ள உடம்பில் எலும்பு ஒட்டுவது கஷ்டம். ஆனால் அந்த மனிதன் நித்திரை வராமல்தான் புகைக்கிறான் என்றால் அந்த நித்திரையையும் யாராவது பார்க்க வேண்டும். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் இங்கே பட்டாசுச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னுமொன்று, சின்ன விசயம்தான், ஆனால் உயிர் போகும். அந்த மூதூர்ப் பொடியனுக்கு முள்ளந்தண்டில் நெஞ்சு உயரத்தில் அடி. ஒரு இரவு தலை வெடிக்கிறது என்று கத்தினான். முகம் சிவந்து வேர்த்து ஊற்றுகிறது, காலோ குளிர்ந்து கிடக்கிறது. பிரஷர் 180க்கு மேல். வழமையில் அவனுக்கு 100தான் இருக்கும். புதிதாய் வந்த டொக்டர் மருந்தைத் தேடினார். எங்கள் பழைய அற்றன்டன் ஐயா ஒன்றும் பேசாமல் கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தி அவனை இருத்திவிட்டு, துணியை விலக்கிப் பார்த்தார். சலக்குழாய் தொடைக்குக் கீழே மடிந்து கிடந்தது. எடுத்துவிட்டதும் பை நிரம்பியது, கொஞ்ச நேரத்தில் பிரஷரும் இறங்கியது. உன் வார்டிலும் அப்படி ஒரு ஐயா இருப்பார். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள், அவர் சொல்வதைக் கேள்.

போரைச் சுமந்தவனையும் அவன் விதவையையும் அநாதைப் பிள்ளையையும் பேண வேண்டும் என்று 1865இல் அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் சொன்னதை வாசித்துக் காட்டினாய். விதவையையும் பிள்ளையையும் சேர்த்துச் சொன்னாரே, அது என் மனதில் நின்றுவிட்டது. சின்னம்மாவுக்கும் சொன்னேன். அவ பதில் சொல்லவில்லை, ஆனால் நீ எப்போது வருகிறாய் என்று கேட்டா.

ஆடியில் வருவதென்றால் முன்கூட்டிச் சொல். வரும்போது சொக்லட் வேண்டாம். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி, வடம் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தபடியே தங்கள் முதுகுத் தோலைப் பார்க்க அங்கே கொடுப்பார்களே, அதில் கிடைத்த அளவு கொண்டு வா. தம்பலகாமத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறா, சக்கர நாற்காலியில் தையல் வேலை செய்கிறா, தாய்க்குக் கண் மங்கிவிட்டது. முதலாவது அவவுக்கு. காற்று நிரப்பும் இருக்கை மெத்தை ஒன்றும் முடிந்தால் வாங்கு, பதினாறு அங்குல அகலம், பம்பும் ஒட்டுத் துண்டும் சேர்த்து. பெட்டியில் பாரமில்லை. விலையைச் சொல், அப்பா பென்ஷனில் தருவார்.

அன்புடன்,
அம்மா