மாத்திரை கூடக் கூட வலியும் கூடினால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் முதுகுவலி பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, வலி அடங்காவிட்டால் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுவார் என்பதோடு நின்றுவிட்டது. கூட்டுவதாலேயே வலி ஏறுகிறவர்களும் உண்டு. கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதால் மருந்தாளுநர்களாகிய நாங்கள் இதை எழுதுகிறோம்.

டிராமடால், டேப்பன்டடால் இரண்டும் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்துகள். எலும்பு முறிந்த முதல் சில நாட்களுக்கு நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்குத் தண்டுவட நரம்புகள் வலியைப் பெருக்கிக் காட்டத் தொடங்கிவிடுகின்றன. அடிபட்டது இடுப்பில் என்றால் வலி தொடைக்கும் தோளுக்கும் பரவும். சேலை உரசினாலே எரியும். உடம்புக்கு மருந்து பழகிப்போனவருக்கு அளவைக் கூட்டினால் வலி குறையும். நரம்பே வலியைப் பெருக்கிக் காட்டுகிறவர்களுக்கோ கூட்டினால் ஓரிரு நாள் தணிந்து, பிறகு முன்னைவிட மோசமாகும். இதைக் காயம் முற்றிவிட்டதாக எண்ணி இன்னொரு மாத்திரை போடுவதுதான் பெரிய தவறு.

அதற்காக ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, கூடவே வலியும் சேர்ந்து தாக்கும். பயந்து போய்ப் பழைய அளவுக்கே திரும்புவார்கள். ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவருக்கு மாதம் சுமார் பத்து சதவீதம் குறைப்பதே பாதுகாப்பு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் டிராமடால் கேப்சூல் நான்கு எடுப்பவர் ஒன்றை விட்டால் ஒரேயடியாகக் கால்பங்கு குறைந்துவிடும். பாதியாக உடைக்கக்கூடிய சாதாரண 50 மில்லிகிராம் மாத்திரைக்கு மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அரை மாத்திரை குறைத்தால் 25 மில்லிகிராம்தான் குறையும். நாள் முழுக்க மெதுவாகக் கரையும் வகையை மட்டும் உடைக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒன்றாக இறங்கிவிடும். ஒவ்வொரு படியிலும் முதல் வாரம் வலி கூடித் தெரியலாம், பிறகு இறங்கும். குறைத்து முடித்தபின் பழைய அளவை ஒருமுறை விழுங்கினாலும் ஆபத்து: தாங்கும் சக்தி போயிருக்கும், மூச்சு அடங்கிவிடலாம். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எங்கள் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வாரநாளில் கேரளப் பக்கம் கட்டப்பனையிலோ குமுளியிலோ ஒரு மருந்துச் சீட்டு, ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் இன்னொன்று. பெயர் வேறு, உள்ளிருப்பது ஒரே டிராமடால். பல மாத்திரைகளில் அதனுடன் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போடும் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தால் நாளுக்கு நான்கு கிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டுவது எளிது. மது பழக்கம் உள்ளவரின் கல்லீரல் அவ்வளவுகூடத் தாங்காது. அட்டையிலிருந்து பிரித்துக் கொடுக்கும் 'செட் மாத்திரை'யில் ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் அதையும் திடீரென்று விடக்கூடாது. எல்லா அட்டைகளையும் காலியானவை உட்பட ஒரே பையில் போட்டு மருத்துவர் முன் கொட்டுங்கள். கூடவே ஒரு வாரக் குறிப்பு: எத்தனை மணிக்கு மாத்திரை, பத்துக்கு எத்தனை வலி, என்ன வேலை செய்தோம். மாத்திரைதான் காரணமா என்பதை மருத்துவர் கணிக்க அது பெரிதும் உதவும்.

குறைக்கும் நாட்களில் படுத்தே இருக்க வேண்டாம். மோசமான நாளிலும் பத்து நிமிடம் நடக்க முடிகிறவர் எட்டில் தொடங்கி, சில நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். வலி குறைந்த நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் முடங்குவதுதான் கெடுதல். உரசினால் எரியும் இடத்தைப் பஞ்சால், பிறகு துண்டால் தினமும் ஐந்து நிமிடம் மெல்லத் தடவிப் பழக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது, கேட்டுப் பெறுங்கள். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போனாலோ, காய்ச்சலுடன் முதுகு வலித்தாலோ அதை மாத்திரையின் விளைவு என்று எண்ணி விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சீட்டுடன் தரும்போதும், கவரில் மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் தமிழில் எழுதித் தரும்படி மலையின் இருபக்கத்துக் கடைக்காரர்களையும் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். மேலே ஏறுகிறவர்களில் பலருக்கு மலையாள எழுத்து வாசிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
கம்பம், தேனி மாவட்டம்.