கரியும் ஏரியும்

அன்புள்ள கயல்,

பின்லாந்தின் கோலி மலையிலிருந்து நீ போட்ட தபால் அட்டை நேற்று வந்தது. "வெறும் தண்ணியும் மரமும்தான்ப்பா, இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று பின்னால் கிறுக்கியிருக்கிறாய். ஒரு டிராயிங் வாத்தியாரிடம் இதைக் கேட்கலாமா?

அந்த உச்சி 347 மீட்டர்தான். ஆனால் கீழே தெரியும் பியெலினென் ஏரியை பின்லாந்து ஓவியர் ஏரோ யார்னஃபெல்ட் வரைந்து முடித்த ஆண்டைப் பார்: 1899. அந்தப் பிப்ரவரியில்தான் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ், தன் ஆட்சிக்குக் கீழே இருந்த பின்லாந்தின் தன்னாட்சியில் கைவைத்தார். ஐந்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோன மனுவை அவர் வாங்கக்கூட இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் "இது எங்கள் ஊர்" என்று சொல்ல ஓர் ஏரி போதும். ஏரியை எந்தத் தணிக்கை அதிகாரி வெட்டுவார்? இத்தனைக்கும் யார்னஃபெல்டின் அம்மா ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். ஸ்வீடிஷ் பேசும் வீட்டில் வளர்ந்த இன்னோர் ஓவியர் அக்செல் காலேன், 1907-ல் அக்செலி காலென்-காலெலா என்று பேரையே பின்னிஷ் மொழிக்கு மாற்றிக்கொண்டார்.

சரி, உன் அட்டையில் ஓர் ஆள்கூட இல்லையே, கவனித்தாயா? கோலிச் சரிவுகளில் காட்டை எரித்துப் பயிர் செய்தவர்கள் இருந்தார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் அதெல்லாம் தெரியாது.

யார்னஃபெல்டே 1893-ல், கோலியில் அல்ல, வேறோர் ஊரில் அப்படிப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று வரைந்த படம் ஒன்று உண்டு. ஹெல்சிங்கியின் அட்டேனியம் ஓவியக் கூடத்தில் நீ காபி தேடிப் போனபோது நான் அதன் முன்னால்தான் நின்றிருந்தேன். காடு எரிகிறது. புகைக்குள் பெரியவர்கள் கழிகளால் கட்டைகளைப் புரட்டுகிறார்கள். முன்னால் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையில் கழியோடு நிற்கிறாள். முகமெல்லாம் கரி, வெளிறிய தலைமுடி, சட்டைக்குள் உப்பிய வயிறு. சாப்பிட்டு வந்த வயிறல்ல, பட்டினி வயிறு; முந்தைய விளைச்சலை உறைபனி கொண்டுபோயிருந்தது. வேலையை நிறுத்திவிட்டு நம்மையே பார்க்கிறாள். எனக்கு அங்கிருந்து நகர மனசு வரவில்லை.

நாட்டின் முகமாகக் கோலி ஏரி ஆனதில் ஆச்சரியமில்லை. ஏரி எல்லோருக்கும் பொது. அந்தப் பெண் எரித்த நிலம் யாருடையது என்று கேட்டால் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். 1918-ல் உள்நாட்டுப் போராகவே வந்ததே, ரஷ்யாவிடமிருந்து விடுதலை கிடைத்த மறு மாதமே!

அம்மா அட்டைக்குச் சட்டம் போடச் சொல்கிறாள். அடுத்த தடவை அட்டேனியம் பக்கம் போனால் அந்தப் பெண்ணின் அட்டையும் கிடைக்குமா என்று பார். அதுவரை சட்டம் போடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா