திருகோணமலையிலிருந்து ஒரு கடிதம்: காருக்குள் தவில்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போய் குளிக்க வைத்தால் அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்திருக்கும். மகள் ஏ/எல் படிப்பில் மூழ்கிக் கிடக்கிறாள். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காரில் ரேடியோ, பாட்டுக் கேட்கிற செட்டை மாற்றலாமா, போடுகிற காசுக்குப் பெறுமதி இருக்குமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாற்று. ஆனால் பெரிய திரைக்கென்று காசைக் கொட்டாதே. காசில் பெரும்பங்கு கதவுக்குள், அங்கே இருக்கிற ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். என் பழைய டொயோட்டா 121 கொரோலாவில் வேலை முடித்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தும் விலை எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை. இருக்கிற வண்டியோடுதான் இன்னும் பல வருஷம் ஓடப் போகிறோம். அதை நன்றாக வைத்திருப்பது வீண் செலவில்லை.

ஜப்பானிலிருந்து காரோடு வந்த பழைய செட்டின் முதல் தொல்லை ரேடியோ. அவர்களுடைய எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். எங்களுடையது 108 வரை போகிறது. அதற்காகத்தான் அன்டெனா வயரில் அந்தச் சின்ன எக்ஸ்பாண்டர் பெட்டியைக் கொழுவி விடுகிறார்கள். அது அலைவரிசையில் 18ஐக் கழித்தால் 100 என்பது 82 என்று காட்டும். கழிக்கிற இடத்தில் இரைச்சலும் சேரும், ஒரு ஸ்டேஷன் மேல் இன்னொன்று வந்து ஏறும். புதுச் செட்டில் 87.5 முதல் 108 வரை நேராகப் பிடிக்கலாம், அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிடலாம். எழுத்தும் ஜப்பான் எழுத்தாக இருக்காது. இந்த இரண்டுக்காகவே மாற்றலாம்.

இங்கே ஒரு கடையில் விசாரித்தபோது, வயர்களைச் சேர்க்கிற கப்ளரை வெட்டி வயரை முறுக்கி டேப் சுற்றித் தருகிறோம் என்றார்கள். நான் விடவில்லை. டொயோட்டாவின் 10 பின், 6 பின் கப்ளர்களுக்கு வெட்டாமலே பொருந்துகிற வயர்த் தொகுதி, ஹார்னஸ் என்பார்கள், கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. காரின் வயர் நிறமும் செட்டின் வயர் நிறமும் ஒன்றல்ல. செட்டில் மஞ்சள்தான் எப்போதும் பட்டரியில் இருக்க வேண்டியது. காரில் அது மஞ்சள் கோடு போட்ட நீலம். செட்டின் சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற ஏசிசிக்கு, காரில் அது சாம்பல். மஞ்சளையும் ஏசிசியில் கொடுத்தால் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் அழிந்துபோகும். இரண்டையும் பட்டரியில் கொடுத்தால் பட்டரி இறங்கிக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். உப்பங்காற்று அடிக்கிற ஊரில் முறுக்கி விட்ட மூட்டு கொஞ்சக் காலத்திலேயே பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து ஒட்டி, மேலே சூட்டில் சுருங்குகிற குழாயை மாட்டச் சொல்.

செட் வருகிற அட்டைப்பெட்டியில் 50 வாட்ஸ், நாலு சேனல் என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதே. கார் கொடுக்கிற 14 வோல்ட் சொச்சத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவாக வரக்கூடியது ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் அளவுதான். அதனால் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே வாட்ஸில் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பார். 90 டெசிபலுக்குக் குறையாமல் வாங்கு. 3 டெசிபல் கூடினால் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

இனிக் கதவு. உள்பலகையைக் கழற்றியதும் நானும் வேலை செய்த தம்பியும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரமெல்லாம் இற்று, விரல் பட்டாலே உதிர்ந்தது. டெர்மினல் இரண்டும் களிம்பேறிப் பச்சையாக இருந்தன. உள் தகட்டில் கை நுழைகிற அளவு ஓட்டைகள், அவற்றை மூடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் முன்னால் வருகிற சத்தத்தைப் பின்னால் வருகிற சத்தம் அந்த ஓட்டைகள் வழியே வந்து அழித்துவிடுகிறது. பேஸ், அந்தத் தாழ்ந்த கனமான சத்தம், செத்துப்போவதற்குக் காரணம் அதுதான். பியூட்டில் என்கிற ஒட்டும் ரப்பர் தாளை வெட்டி வெளித் தகட்டின் உள்பக்கம் ஒட்டினோம். பிறகு உள் தகட்டின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தோம். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் தொடவே இல்லை. அவற்றை அடைத்தால் தகடு துருப்பிடித்துவிடும். கதவைச் சாத்தும்போது வருகிற சத்தமே இப்போது வேறு.

ஸ்பீக்கரை இறுக்கும் முன் தம்பி ஒரு டோர்ச் பட்டரியை வயரில் ஒரு கணம் தொட்டுக் காட்டினான். கூம்பு வெளியே தள்ளினால் பிளஸ் சரி. நாலில் ஒன்று மாறிப்போனாலும் அந்தப் பக்கத்துப் பேஸ் காணாமல் போய்விடும். அந்தப் பிள்ளையின் பொறுமையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை.

எல்லாம் பூட்டிய பிறகு முதலில் போட்டது என்ன தெரியுமா? உங்கள் அப்பாவின் கசெட்டிலிருந்து நீ பதிந்து தந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். அவர் 1975இல் போய்விட்டார், பதிவும் பழைய மோனோ. பழைய ஸ்பீக்கரில் தவிலின் வலந்தலைப் பக்கம் மட்டும்தான் கேட்கும், விரல்கூடுகள் அடிக்கிற அந்தக் கணீரென்ற சத்தம். கழியால் அடிக்கிற மறுபக்கம், தொப்பி, இருக்கிறதென்று ஊகிக்கத்தான் முடியும். இப்போது கழி தோலில் விழுகிற கனம் தெரிகிறது. வலந்தலை கேட்கிற கேள்விக்குத் தொப்பி பதில் சொல்கிறது, மச்சான்! பத்திரகாளி கோயில் வீதியில் தவில்காரருக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று கேட்போமே, அப்போது நெஞ்சுக்குள் விழுந்த அதே அடி. இத்தனை வருஷமாக இந்தப் பதிவைப் பாதிதான் கேட்டிருக்கிறோம்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற ஹைபாஸை முன் ஸ்பீக்கருக்குப் போட்டுவிடு. அதிர்வு குறையும், பேச்சும் தெளியும். தவில் கேட்கும்போது மட்டும் நான் அதை 60க்கு இறக்குகிறேன். வலப்பக்க ஸ்பீக்கர் ஓட்டுகிறவனுக்குக் கிட்ட இருப்பதால், செட்டில் டைம் அலைன்மென்ட் இருந்தால் அதைக் கொஞ்சம் பிந்த விடு. பாட்டு முழங்காலருகே இல்லாமல் கண்ணாடிக்கு நேரே நிற்கும்.

போன கிழமை கிண்ணியா தாண்டி மூதூர் வரை ஓட்டிப் பார்த்தேன். 2009இல் பாலம் திறக்க முன்னம் ஆற்றைக் கடக்கிற மிதவைப் பாதைக்காக வெயிலில் காத்து நிற்போமே, இப்போது ஒரு ஆலாபனை முடிவதற்குள் கடந்துவிடலாம். வருகிற மாதம் மட்டக்களப்புக்கு வர இருக்கிறேன், இந்தக் காரில்தான்.

அதற்கு முன் செட்டை வெளியே இழுத்து, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. உன் வண்டிக்கு எந்த ஹார்னஸ் என்று பார்த்து இங்கேயே வாங்கி வருகிறேன். அப்பாவின் மிச்சக் கசெட்டுகளை வெயில் படாத இடத்தில் எடுத்து வை, அவற்றையும் பதிந்துவிட வேண்டும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்
திருகோணமலை