இ.எஸ்.ஐ. அட்டை மனச்சோர்வுக்கும் செல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 வந்தால் உலக மனநல நாள் கட்டுரைகள் வருகின்றன. மனம்விட்டுப் பேசச் சொல்கின்றன. பனியன் கம்பெனியிலோ ஜவுளிக்கடையிலோ வேலை பார்ப்பவர் எங்கே போய்ப் பேசுவது, அன்றைய கூலியை யார் கொடுப்பது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். 15,000 ரூபாய்க்கு அது 112 ரூபாய் 50 காசு. நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. கை ஒடிந்தாலோ பிரசவம் என்றாலோ அந்த அட்டையை எடுக்க எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கும்போதும் அதே அட்டையை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் போக வேண்டிய இடம், அவரவர் பெயர் பதிவாகியுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகம். அங்கே "உடம்பு முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எப்போதெல்லாம் படபடப்பு வருகிறது, வேலையில் எது முடியாமல் போகிறது என்று நாள் கணக்கோடு சொல்லி, மனநல மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்க வேண்டும். சென்னை கே.கே. நகரிலும் கோவை சிங்காநல்லூரிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நெஞ்சுப் படபடப்புக்கு இ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் வாயு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏராளம். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகளையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்வது நல்லது. அவையும் இதே சோர்வைத் தரும்.

ஓய்வு தேவை என்று மருத்துவர் சொன்னால் இ.எஸ்.ஐ. சான்று வாங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை எடுத்து, அவர் தந்த சான்றை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பெரும்பாலும் பணம் வராது. முதல் சான்று, இடைச் சான்று, வேலைக்குத் திரும்பும்போது இறுதிச் சான்று என மூன்றும் இடைவெளி விழாமல் இருக்க வேண்டும். சான்றின் நகலை அன்றே கம்பெனிக்கு வாட்ஸ்அப்பிலாவது அனுப்பிவிட வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது சுலபம். மனச்சோர்வில் இருப்பவருக்கோ போனை எடுத்துப் பேசுவதே மலையாக இருக்கும். அந்த வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாள் கணக்கில் வராது. நாள் கூலி 500 ரூபாய் என்றால் 350 ரூபாய்.

அதற்கு மேலும் உண்டு. நீண்டகால நோய்கள் என்று இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் 34 நோய்களின் பட்டியலில், மனநோய்ப் பிரிவின் கீழ் 'எண்டோஜீனஸ் டிப்ரெஷன்' (வெளிக் காரணம் இல்லாமல் உள்ளிருந்தே வரும் மனச்சோர்வு) இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும், நோய்க்கு முந்தைய நான்கு ஆறு மாதச் சந்தா காலங்களில் 156 நாள் சந்தாவும் இருந்தால், 80 சதவீதக் கூலி அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கலாம். சான்றில் 'பலவீனம்' என்று பொதுவாக எழுதியிருந்தால் இது நடக்காது. நோயின் பெயரை மனநல மருத்துவரே தெளிவாக எழுத வேண்டும். பதற்றக் கோளாறு இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு 91 நாள்தான். இது திருத்தப்பட வேண்டிய குறை.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இன்னொரு சிக்கல். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய இ.எஸ்.ஐ. எண் போட்டுவிடுகிறார்கள். பழைய சந்தா ஓர் எண்ணில், புதியது வேறோர் எண்ணில் கிடக்க, தகுதி நாள் கணக்கே அறுந்துபோகிறது. எங்கே சேர்ந்தாலும் முதலில் கிடைத்த 10 இலக்க எண்ணையே கொடுக்க வேண்டும்.

மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரியும் முன்பே தொல்லை தெரிவதால், பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை அடிமையாக்கும் மாத்திரைகள் அல்ல. பதற்றத்துக்கு உடனடியாகக் கேட்கும் அல்பிரசோலம் வகைதான் பழக்கமாகிவிடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதை வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. துணி வெட்டும் கட்டிங், தைக்கும் பவர் டேபிள் போன்ற இயந்திரங்களில் நிற்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் தங்கள் வேலையையும் ஷிப்ட் நேரத்தையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கம் தரும் மருந்து என்றால் வேளையை மாற்றித் தருவார். கம்பெனியில் நோயின் பெயரைச் சொல்லாமல், "இரண்டு மாதத்துக்கு இரவு ஷிப்ட் வேண்டாம்" என்கிற பரிந்துரையை மட்டும் கொடுத்தும் கேட்டுப் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, நோயாளியின் விவரத்தை மருத்துவர் ரகசியமாகக் காக்க வேண்டும்.

21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் கம்பெனியின் குழுக் காப்பீட்டைப் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிக்குத்தான். மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கும் செலவு அதில் வராது. கம்பெனி ஆலோசகரை ஏற்பாடு செய்திருந்தால், எத்தனை அமர்வு இலவசம், எச்.ஆருக்கு என்ன தகவல் போகும் என்ற இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் புறநோயாளி நேரத்துக்குக் காத்திருக்கவே கூடாது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இ.எஸ்.ஐ. நிர்வாகத்துக்கு எங்கள் கோரிக்கை இரண்டு. தொழிற்பேட்டைகளை ஒட்டிய மருந்தகங்களில் வாரம் ஒரு நாளாவது, மாலை 5 மணிக்கு மேல் மனநல மருத்துவர் இருக்க வேண்டும். காலையில் மட்டும் பார்த்தால், மாதம் இரண்டு முறை வரச் சொல்லும்போது இரண்டு நாள் கூலி போகும். பீஸ் ரேட்டில் தைப்பவர் மூன்றாம் முறை வரமாட்டார். மருந்தகச் சுவரில் ஒட்டியுள்ள சலுகைப் பட்டியலில், மனச்சோர்வுக்கும் இந்த அட்டை செல்லும் என்று ஒரு வரியைப் பெரிய எழுத்தில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் நலப் பணியாளர்கள்,
திருப்பூர்.