மெருகேற்றிய பிறகு பூட்டிய தொட்டில்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கம்பு ஊன்றாமல் வாசல்வரை நடக்கிறாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மாடிப்படிக்கு மட்டும் அவசரப்படாதே.

மகளுக்கு ஆவணியில் பிரசவம். அதற்காகப் பங்குனியில் தொடங்கிய தொட்டில் நேற்றுதான் முடிந்தது. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கிய பர்மா தேக்கு. பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு கடைசல் தண்டுகள். ஒவ்வொரு தண்டுக்கும் மேலும் கீழும், சட்டத்துத் துளைக்குள் இறங்கும் முனையாக, ஒரு கழுந்து, ஆக நாற்பத்து நான்கு கழுந்துகள், நாற்பத்து நான்கு துளைகள். நாம் தொழில் பழகிய நாளில் சொல்லிக்கொடுத்தது உனக்கு நினைவிருக்கும்: முதலில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டு, பிறகு உப்புத்தாள், கடைசியில் பாலிஷ். இந்தத் தொட்டிலில் அந்த வரிசையை நான் தலைகீழாக்கிவிட்டேன். ஏன் என்று உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை.

பூட்டி முடித்த தொட்டிலுக்குள் கையை விட்டுப் பாலிஷ் போட்டவனுக்குத்தான் அந்தத் துன்பம் தெரியும். தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே மூன்று விரல் இடம். பஞ்சுப் பொதியை நீளவாக்கில் இழுக்க முடியாது. சட்டத்தோடு சேரும் மூலையில் பாலிஷின் அரக்கு தேங்கிக் கறுக்கும். அதைவிடக் கொடுமை, பிதுங்கிய ஃபெவிகாலை எவ்வளவு துடைத்தாலும் மரத்தின் நுண்துளைகளில் கொஞ்சம் தங்கிவிடுவது. பாலிஷ் ஏறிய பிறகுதான் அந்த இடம் வெளிறிப்போய்க் கண்ணில் படும்.

அதனால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக முடித்தேன். கழுந்துகளில் மாஸ்கிங் டேப் சுற்றினேன், துளைகளில் காகிதம் திருகி அடைத்தேன். உப்புத்தாள் 120, 180, 220 என்று நுண்மை கூடும் எண்களில் மூன்று கை. பாலிஷுக்கு, லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அவலரக்கு (செதில் அரக்கு) ஊறவைத்த கரைசல். இதில் நான் எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது, கழுந்தே கைப்பிடியாகிவிட்டது! டேப் சுற்றிய முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பூசி, அதிலேயே நூல் கட்டிக் கொடியில் தொங்கவிட்டேன். ஒரு தண்டிலும் விரல் ரேகை விழவில்லை. இருபத்திரண்டும் திண்ணையில் வரிசையாகத் தொங்கிய அந்த மாலை வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

தலைமாட்டுப் பலகையிலும் இதே முறைதான். பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் பசை போடாமல் விடுகிறோம், சுருங்கி விரிய இடம் வேண்டுமென்று. பூட்டிய பிறகு பாலிஷ் போட்டால், வறண்ட காலத்தில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடாகப் பாலிஷ் படாத மரம் எட்டிப் பார்க்கும். முன்பே விளிம்புவரை பூசிவிட்டால் எவ்வளவு சுருங்கினாலும் ஒரே நிறம். நம் காலத்தில் செய்த கதவுகளில் இந்தக் கோட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

தண்டுகளை ஒட்ட ஃபெவிகாலை விட்டு எப்பாக்சி எடுத்தேன், ரெசினும் ஹார்ட்னரும் கலந்ததும் இறுகும் பசை. ஏன் என்று கேட்பாய். ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு இணைப்புகள், அத்தனையும் ஒரே மூச்சில் சேர்ந்து இறங்க வேண்டும். வைகாசி வெயிலில் ஃபெவிகால் பத்து நிமிடம்கூடப் பொறுக்காது. அதில் இருக்கும் தண்ணீரைக் குடித்துக் கழுந்து பருத்துவிட்டால் பாதி வழியில் இறுகி நின்றுவிடும். அப்போது கொட்டாப்புளியால் அடித்தால், முடித்து வைத்த மெருகு என்னாகும்? எப்பாக்சியில் தண்ணீர் இல்லை. மெதுவாக இறுகும் வகையை வாங்கினால் நிதானமாக ஒவ்வொன்றாய் நேர்பார்த்துப் பொருத்தலாம். துளை ஓரிடத்தில் சற்று அகன்றிருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். கிளாம்ப்பை முறுக்கவும் தேவையில்லை. இணைப்பு வாய் மூடியதும் நிறுத்திவிட வேண்டும், மேலும் இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வந்து உள்ளே பட்டினி கிடக்கும்.

தேக்கில் எண்ணெய் உண்டல்லவா? டேப்பை உரித்ததும் கழுந்தைச் சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்த கையோடு பசை தடவினேன். தாமதித்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். டேப் கழுந்தின் தோள்வரை சரியாக இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுந்தின் மேல் அரக்கு இருந்தால் பசை அரக்கைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது.

இரண்டு தவறுகள் செய்தேன். முதலாவது, கலவையை ஒரே டம்ளரில் நிறையக் கலந்தது. ரெசினும் ஹார்ட்னரும் சேரும்போது பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் டம்ளர் கையைச் சுட்டது. பாதிக்குமேல் கட்டியாகி வீண். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் நமக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பிறகு விடியற்காலையில், தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டாதே, அளவு பிசகினால் கடைசிவரை பிசுபிசுப்புதான்.

இரண்டாவது தவறு இன்னும் வலித்தது. சோதனைக் கட்டை ஒன்றில் பிதுங்கிய எப்பாக்சியைப் பழக்கத்தில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எப்பாக்சி போயிற்று, கூடவே அதன் அடியில் இருந்த அரக்கும் கரைந்து போயிற்று. அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்தான் என்பது இத்தனை வருடத்துக்குப் பிறகா எனக்குத் தெரிய வேண்டும்? தொட்டிலில் வேறு வழி பிடித்தேன். இணைப்பு வாயை ஒட்டி, துளைக்குள் இறங்காதபடி, மெழுகை மெல்லிசாகத் தேய்த்துவைத்தேன். பிதுங்கியதை உடனே தொடாமல், சில மணி நேரம் கழித்து ரப்பர் பதத்துக்கு வந்ததும் மூங்கில் சீவலால் நெம்பினேன். தோல்போல உரிந்து வந்தது, கீழே பளபளப்பு அப்படியே இருந்தது.

உனக்கு சிமெண்ட் பட்டாலே கை அரிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். எப்பாக்சி தொடும்போது கையுறை கட்டாயம். தோலில் பட்டால் அசிட்டோனால் துடைக்காதே, சோப்பும் தண்ணீரும் போதும். இதனால் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு போகாது.

ஒரு விஷயம் மட்டும் மனத்தை அரித்தது. நம் பெரியவர்கள் விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஒட்டியதைச் சூடும் ஈரமும் கொடுத்தால் பிரித்துவிடலாம். எப்பாக்சியும் சூட்டில் இளகும், ஆனால் அந்தச் சூட்டுக்கு முன்னால் அரக்கு கெட்டுவிடும். நாளை ஒரு தண்டு ஒடிந்தால் பழுது பார்ப்பவன் என்ன செய்வான்? அதனால் தண்டுகளை மட்டும் எப்பாக்சியால் ஒட்டிவிட்டு, நான்கு மூலைகளையும் பித்தளை போல்ட் போட்டு முடுக்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி மேசைமேல் கிடத்தி வேலை செய்யலாம். ஒடிந்த தண்டை அறுத்தெடுத்து, துளையை மறுபடி துளைத்துப் புதியது வைக்கலாம். போல்ட் தலை வெளியே தெரிவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

சோதனைக்குச் செய்த இணைப்புகளில் ஒன்றை வைஸில் கவ்வி உடைத்துப் பார்த்தேன். ஒட்டிய இடம் அசையவில்லை, பக்கத்தில் மரம்தான் பிளந்தது. இன்னும் இரண்டு மீதி இருக்கின்றன, ஒன்று எப்பாக்சி, ஒன்று ஃபெவிகால். எது எது என்று எழுதாமல் வைத்திருக்கிறேன். முழங்கால் இடம் கொடுத்ததும் வா, உன் கையால் உடைத்துப் பார்த்துச் சொல்.

என்றும் உன்,
பட்டறைத் தோழன்