ஆல்டோவுக்கு ஒரு மூக்கு

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, அப்புறம்?" என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது தெருமுனையில் யார் வருகிறார்கள், கையில் என்ன பை என்று வாசலில் உட்கார்ந்தபடியே சொல்கிறாள். தெருவில் யாருக்கும் நிம்மதி இல்லை. உன் மகள் வேலையில் சேர்ந்ததற்கு இனிப்பு இன்னும் வரவில்லை, நினைவிருக்கட்டும்.

விஷயம் கார். சிரித்து முடித்துவிட்டுப் படி. மச்சான் துபாய் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனானே, அந்த ஆல்டோ கே10. நீ மூன்றாவது கியரில் ராயபுரம் பாலம் ஏறிய அதே வண்டி. பிக்கப் போதவில்லை என்று மெக்கானிக் பாயிடம் விட்டேன். பானெட்டைத் திறந்தவர், எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெட்டியின் கிளிப்புகளில் பாதி இல்லை, மூடியைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முன்பக்கமாக நீண்டு வெளிக்காற்றை எடுக்க வேண்டிய மூக்குக் குழாயைக் காணவே காணோம். அது எப்போது போனது என்பது மச்சானுக்கும் அவனிடம் வண்டியை விற்றவனுக்குமே வெளிச்சம். "இதே பெட்டியைத் தேடிப் போடுங்கள், இல்லையென்றால் காற்று இழுக்க வெளி இன்டேக் ஏதாவது மாட்டுங்கள்" என்றார் பாய்.

அந்த இரண்டாவது பாதி என் மூத்தவன் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு, குழம்பு, கூம்பு ஃபில்டர், வேறு பேச்சில்லை. பெட்டிக்குப் பதிலாகத் திறந்தபடியே மாட்டும் சிவப்புக் கூம்பு ஆயிரத்துச் சொச்சத்துக்கு இருக்கிறதாம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் வாங்கினால் கழுவிக் கழுவி ஆயுள் முழுவதும் ஓட்டலாமாம். அலுமினியக் குழாயோடு வருவது இன்னொன்று. வண்டி உறுமும் அப்பா, என்றான். நாற்பது வயதில் உறுமாதவன் ஐம்பத்தைந்தில் உறுமி என்ன செய்யப்போகிறேன்?

ஆனால் சேகர், இறங்கிப் பார்த்தால் சுவாரசியமான சமாச்சாரம் இது. நம் எஞ்சின் 998 சிசி, அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர். நாலு ஸ்டிரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அவ்வளவு காற்றையும் இழுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் கணக்குப்படி ஏறத்தாழ 3,000 லிட்டர். சின்டெக்ஸ் தொட்டி மூன்று! அவ்வளவு காற்று தேவை என்று தெரிந்துதானே கம்பெனிக்காரன் பெட்டியையும் குழாயையும் அளவெடுத்து வைத்திருக்கிறான்? அதில் மேலும் திறந்துவிடுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இதில் வேடிக்கை, மூடியில்லாத கூம்பை பானெட்டுக்குள் நிறுத்தினால் அது எஞ்சின் சூட்டில் வெந்த காற்றைத்தான் குடிக்கும். 35 டிகிரிக் காற்று 65 டிகிரி ஆனால் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும்போது பானெட்டுக்குள் என்ன வெக்கை இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? காசு கொடுத்து பலத்தைக் குறைத்து, சத்தத்தை வாங்கி வருவது.

மூத்தவன் திருப்திக்காக ஜி.பி. ரோடு வரை போனேன். கடைக்காரர் கூம்பை எடுத்துக் கையில் கொடுத்தார். பளபளப்பு அருமை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வலை வழியாக எதிர்க்கடை போர்டு தெரிகிறது. கழுத்து மூன்று அங்குலம், நம் குழாய் அதைவிடச் சிறிது. நடுவில் ரப்பர் வளையம் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கலாம் என்றார். கிராங்க்கேஸிலிருந்து, அதாவது எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து, பெட்டிக்கு வரும் சின்னப் புகைக்குழாயை எங்கே சேர்ப்பது என்று கேட்டேன். "அதை அடைத்துவிடலாம் சார்." அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல் வழியாகக் கசியும் என்பது பாயின் கடைப் பையனுக்கும் தெரியும். டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

மைலேஜ் கூடும் என்றான் மூத்தவன் வழியில். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால்கூட மைலேஜ் பெரிதாக மாறுவதில்லை, பிக்கப்தான் குறைகிறது. உள்ளே வரும் காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. அப்படியிருக்க விலை உயர்ந்த ஃபில்டர் மைலேஜை எங்கிருந்து கொண்டுவரும்?

என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கணக்கெல்லாம் இல்லை. பழைய காகித ஃபில்டரைப் பேப்பர் மேல் தட்டினேன். செம்மண் நிறத்தில் தூசி வரும் என்று நினைத்தால் கொட்டியது கறுப்பு. மடிப்புகளுக்குள் ஒரு தட்டான் இறக்கை, மற்றதெல்லாம் மை போன்ற பொடி. விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கிறது, சோப்புப் போட்டும் ரேகைக்குள் நிற்கிறது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011இல் நீதிமன்றம் நிறுத்தியபோது பீச் ரோட்டில் நீ எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய். கரி எங்கும் போய்விடவில்லை, வடக்கே எண்ணூருக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அங்கே அனல் மின் நிலையச் சாம்பல் வேறு. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததும், அந்த மாதக் கடைசியில் நடு ராத்திரி அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் உனக்குத் தெரியும். என் சின்னவளுக்கு இன்னமும் நெபுலைசர்தான். டாக்டர் ஊர் மாற்றச் சொல்கிறார். எந்த ஊருக்கு, எந்தச் சம்பளத்தில்? இந்தத் தூசியில் ஓடுகிற வண்டிக்கு வலைக்கண் பெரிதாக இருக்கிற ஃபில்டரை, வேகமாக மூச்சு விடும் என்பதற்காக நான் மாட்டமாட்டேன். பிஸ்டன் ரிங்கைத் தேய்ப்பது அந்தப் பொடிதான்.

ஆகவே பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. இடித்த வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பெட்டி, கிளிப்புகளோடு, மூக்கோடு. கேட்ட விலையில் பாதியைச் சொன்னேன், அவர் என்னைப் பார்த்து "சார் தண்டையார்பேட்டையா?" என்றார். கூம்பின் விலையைவிடக் குறைவாகவே முடிந்தது. உள்ளே சில நூறு ரூபாய்க் காகித ஃபில்டர். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்குக் காத்திராமல் பாதியிலேயே மாற்றிவிடு என்கிறார் பாய். பிக்கப் திரும்பிவிட்டது. மூத்தவன் என்னோடு பேசுவதில்லை.

இனி, இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம். போன ஞாயிறு உன் பையன் வந்திருந்தான். மீன் குழம்பு நன்றாகச் சாப்பிட்டான். அவனுடைய ஸ்விஃப்டில் நீளக் குழாய் இன்டேக் ஒன்று மாட்டியிருக்கிறான், ஃபில்டர் கீழே முன் பம்பருக்குள், பனி விளக்குக்குப் பின்னால். குளிர்ந்த காற்று வரும், உண்மைதான். ஆனால் அவன் எம்.கே.பி. நகரிலிருந்து பாரிமுனைக்குப் போவது கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக. அரை மணி நேர மழைக்கே அங்கே என்ன ஆகும் என்று நீயே நீந்திப் பார்த்தவன். முழங்கால் தண்ணீர் போதும், அந்த ஃபில்டர் மூழ்கி எஞ்சின் தண்ணீரையே இழுத்துவிடும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டியதும் அதைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளையும், எஞ்சினையே இறக்க வேண்டும். எஞ்சினுக்கென்று தனியாகக் கூடுதல் பாலிசி எடுத்திருக்கிறானா என்று கேட்டேன், தெரியவில்லை என்றான். சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் வராது. போதாததற்கு, வண்டியைக் கம்பெனி அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதையும் இன்ஷூரன்ஸ்காரர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் மாமா, என்றான். சரி என்று நான் சொல்லவில்லை, ரசம் ஊற்றினேன். கழற்றிய பழைய பெட்டி அவன் அறையில் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறதாம். ஐப்பசி பிறப்பதற்குள் வண்டியைப் பாயிடம் கொண்டுவரச் சொல், கூலியை நான் பார்த்துக்கொள்கிறேன். போனில் கத்தாதே. இனிப்பை அவனிடமே கொடுத்து அனுப்பு.

உன்,
குமார்